கம்ப்யூட்டர் கேட்ட ஆட்கள்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் தெரு என்று ஒரு தெரு இருந்தது, அந்தத் தெருவில் தீப்பெட்டி ஆபீஸ் மூடி வெகுகாலம் ஆகியும் பெயர் மட்டும் போகாமல் இருந்தது, அந்தத் தெருவின் கடைசி வீட்டில் செண்பகவல்லி என்று ஒருத்தி தனியாக இருந்தாள். அவளுக்கு முப்பத்தேழு வயது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள், அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோன சேதி கேட்டு ஒரு வாரம் லீவு போட்டு வந்தவள், அந்த ஒரு வாரம் ஒன்பது வருஷமாக நீண்டு, போன ஆடியில் அப்பா கண்ணை மூடி, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் பந்தல்காரனோடு சேர்ந்து போய்விட்ட பிறகு, அந்த வீட்டில் பேசுவதற்கென்று ஒரு காரணமும் மிஞ்சவில்லை. சில நாள் காலையில் வாயைத் திறந்து தன் பெயரைத் தானே ஒருதரம் சொல்லிப் பார்ப்பாள், குரல் இருக்கிறதா என்று. இருக்கும். அதற்குமேல் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

பழைய ஹாஸ்டல் தோழி ஒருத்தி சொல்லி, வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு வேலை வந்தது. லேப்டாப் கூரியரில் வந்தது. வேலை கொடுத்த ஆபீஸிலிருந்து மாதங்கி என்று ஒருத்தி, செண்பகவல்லியைவிடப் பத்து வயது சின்னவள், போனில் பேசினாள்.

"மெஷினை செட்டப் பண்ணிட்டுச் சொல்லுங்க செண்பகவல்லி. அரை நாள் வேலைதான். செய்யவேண்டியதெல்லாம் வரிசையா எழுதி அனுப்பியிருக்கேன்."

அந்த வரிசை வேறு ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்காக, எப்போதோ ஆபீஸை விட்டுப் போய்விட்ட யாரோ எழுதியது. ஒரு மென்பொருளை எழுத வேண்டுமென்றால் அதை எழுதுவதற்கான சாமான்களை முதலில் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும், அந்தச் சாமான்களோ தனியாக வராது, ஒவ்வொன்றும் இன்னொன்றை நம்பி நிற்கும், அந்த இன்னொன்று வேறொன்றை நம்பி நிற்கும். இது செண்பகவல்லிக்குத் தெரியும். ஆனால் ஒன்பது வருஷத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் மாறியிருந்தது, அவள் அறிந்த பாதைகளெல்லாம் அடைபட்டிருந்தன, எதைத் தட்டினாலும் கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்து எழுந்து நின்று முடியாது என்றது. ஒரு புதன்கிழமை காலையில் அந்தச் சிவப்பு எழுத்து இப்படிச் சொன்னது: கோமதிநாயகம் இல்லை. கோமதிநாயகம் இல்லாமல் மேற்கொண்டு போக முடியாது.

புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் சாமான்களுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைப்பார்கள், பாம்பின் பெயர், காப்பியின் பெயர், செத்துப்போன நாயின் பெயர். அதனால் அவள் பெரிதாக யோசிக்கவில்லை. கோமதிநாயகத்தைக் கொண்டுவா என்று தட்டினாள். ஒரு பச்சைக் கோடு திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெல்ல ஊர்ந்து போனது. ஊர்ந்து முடித்ததும் வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பருத்த மனிதர், அரைக்கைச் சட்டையும் கக்கத்தில் குடையும் கையில் தகரப்பெட்டியுமாக நின்றார்.

"கோமதிநாயகம். கூப்பிட்டீகளாமே?"

"ஆமா. வாங்க," என்றாள் செண்பகவல்லி.

அவர் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்து, காலைக் கழுவிக்கொண்டு, கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, திரையை ஒரு பார்வை பார்த்தார். கோமதிநாயகம் வந்துவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது, அதன்கீழே மறுபடியும் சிவப்பில், லூர்துமேரி இல்லை என்றிருந்தது.

"அதான பாத்தேன்," என்றார் கோமதிநாயகம். "என் வேலை கதவைத் திறந்துவிடுறது. வந்திருக்கிறது யாருன்னு பாத்துச் சொல்லுறது லூர்து. அவ சொல்லாம நான் திறந்துவிட்டா வீடு வீடாவா இருக்கும்?"

லூர்துமேரி மத்தியானம் வந்தாள், நின்றுகொண்டே வந்த பஸ்ஸின் வேர்வையோடும் ஒரு வயர்கூடையோடும். வந்தவள் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, தனக்கு முன்னால் ஆட்களைப் பிரித்து நிறுத்த இரண்டு அண்ணன் தம்பிகள் வேண்டும் என்றாள். அண்ணன் தம்பிகள் வந்தார்கள், தங்களுக்குத் தேதியும் நேரமும் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். தேதி சொல்கிறவர் வந்தார், எந்த ஊர்த் தேதி என்று தெரிய ஊர்ப் பெயரெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த அவருடைய மைத்துனர் வேண்டும் என்றார். ரயிலில் வந்தார்கள், ஷேர் ஆட்டோவில் வந்தார்கள், மாட்டுத்தாவணியில் பஸ் மாறி வந்தார்கள், ஒருவர் முகவரி தெரியாமல் கதிரேசன் கோயில் மலையடிவாரம் வரை போய்த் திரும்பி வந்தார். யாருக்கும் தேவைப்படாத, தனக்கும் யாரும் தேவைப்படாத ஒல்லியான மனிதர் ஒருவரும் கூட்டத்தோடு வந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரே கூப்பிட்டதாம், அவர் எங்கே படுக்கலாம் என்று மட்டும் கேட்டுத் துவைக்கிற கல்லின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார்.

எதிர்வீட்டு ராஜாத்தி, கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவள், வேலைவிட்டு வந்தவள் வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்து உள்ளே வந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டப் போனவன், வருஷத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான், சில வருஷம் பொங்கலுக்கு வர மாட்டான். பிள்ளையில்லை.

"யாரு தாயி இவுகல்லாம்?"

"கம்ப்யூட்டர் கேட்டுச்சு மதினி. இவுக இல்லாம ஓடாதாம்."

ராஜாத்தி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "அப்ப உன் சின்ன குக்கர் காணாது. எங்க வீட்டு தேக்சாவ எடுத்துட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படியாக அந்தத் தெரு அவர்களை ஏற்றுக்கொண்டது. முதல் இரண்டு நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள், பிறகு குழாயில் தண்ணீர் வருகிற நாளில் கம்ப்யூட்டர்க்காரர்களுக்கும் சேர்த்துக் குடம் வைத்தார்கள், பிறகு அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், வீட்டுவேலையாகத் தீக்குச்சி அடுக்கித் தருகிற பெண்கள் தங்கள் குச்சிகளையும் அவற்றை அடுக்குகிற மரச்சட்டங்களையும் கொண்டுவந்து நடுக்கூடத்தில் கொட்டினார்கள். காத்திருக்கிறவர்களுக்குக் கைவேலை வேண்டியிருந்தது. அண்ணனும் தம்பியும் பிரித்து வைக்க, லூர்து சரிபார்க்க, கோமதிநாயகம் அரசியல் பேச, குச்சிகள் அடுக்கப்பட்டன. அம்மன் கோயில் கொடை விழாவுக்கு இவர்களையும் பந்தியில் உட்கார வைக்க வேண்டுமா, அல்லது விருந்தாளி என்று முதல் இலை போட வேண்டுமா என்று டீக்கடையில் இரண்டு நாள் சண்டை நடந்தது. விருந்தாளி என்றால் திரும்பிப் போக வேண்டும், இவர்கள் எப்போது போவார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனால் தெருக்காரர்களோடே உட்காரட்டும் என்று முடிவானது.

டீக்கடை பரமானந்தம் ஒருநாள் கடையை மூடிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"அம்மா, பேரை அடிச்சா ஆள் வருமாமே. எந்தம்பி தங்கத்துரை பம்பாய்க்கு ரயில் ஏறிப் போனவன். ஒருக்கா அடிச்சுப் பாக்கீகளா?"

செண்பகவல்லி அடித்தாள். கம்ப்யூட்டர் வெகுநேரம் தேடியது. அப்படி ஒருவர் எங்கும் இல்லை என்றது. அவள் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "எழுத்து மாறியிருக்கும்ணே, வேற மாதிரி அடிச்சுப் பாக்கேன்," என்றாள்.

"வேண்டாம்மா," என்றார் பரமானந்தம். "இம்புட்டு நேரம் தேடுச்சுல்ல. நாங்ககூட அம்புட்டு நேரம் தேடல."

இதற்கிடையில் தினமும் சாயங்காலம் மாதங்கி கூப்பிட்டாள். முதலில் சிரித்துக்கொண்டே கேட்டாள், பிறகு சிரிக்காமல் கேட்டாள்.

"இன்னுமா ஆகலை?"

"ஆட்கள் வந்துக்கிட்டே இருக்காங்க மாதங்கி. ஒருத்தர் வந்தா இன்னொருத்தரைக் கேக்கிறாங்க."

"ஆமா, அதுல அப்படித்தான். ஆனா ஒண்ணாம் தேதிக்குள்ள ஓடலைன்னா இந்த இடத்துக்கு வேற ஆள் எடுத்துருவாங்க. எனக்கு மேல இருக்கிறவங்க ஏற்கனவே கேக்கிறாங்க, ஒன்பது வருஷம் சும்மா இருந்தவங்களை ஏன் எடுத்தேன்னு."

சும்மா இருந்தவங்க என்ற சொல்லைக் கேட்டதும் செண்பகவல்லிக்கு அப்பாவை ராத்திரியில் புரட்டிப் படுக்க வைத்த கைகள் இரண்டும் கனத்தன. போனை வைத்தாள்.

கடைசிச் சிக்கல் இசக்கியம்மாளால் வந்தது. கோமதிநாயகத்துக்கு இசக்கியம்மாள் வேண்டியிருந்தது. வந்தாள், இருபது வயதுக்காரி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, வந்ததிலிருந்து எதையாவது பாடிக்கொண்டு. லூர்துமேரிக்கும் இசக்கியம்மாள் வேண்டியிருந்தது. ஆனால் அவளுக்கு வேண்டியது இந்த இசக்கி இல்லை, இவளுக்குப் பிந்தியவள், முற்றிப் பக்குவப்பட்டவள். அவளும் வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய, தடிக் கண்ணாடி போட்ட, இடது கண்ணுக்குக் கீழே அதே மச்சமுள்ள அதே இசக்கியம்மாள். அவள் வாசற்படியில் கால் வைத்ததும் உள்ளே இருந்த சின்னவள் பாட்டோடு தெருவில் நின்றாள். சின்னவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தால் பெரியவள் கண்ணாடியோடு தெருவில் நின்றாள். பெரியவள் உள்ளே இருந்தால் கோமதிநாயகத்துக்குக் கை ஓடவில்லை, சின்னவள் உள்ளே இருந்தால் லூர்துவுக்குக் கண் தெரியவில்லை. செண்பகவல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டு முதலிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்துப் பார்த்தாள். அண்ணனை முதலில், தம்பியை முதலில், பெரியவளைக் கொல்லைப்புறம் வழியாக. ஒன்றும் பலிக்கவில்லை.

"ஒரே வீட்டுல ஒரே ஆளு ரெண்டு வயசுல இருக்க முடியாதும்மா," என்றார் கோமதிநாயகம், அது தன் குற்றம் என்பதுபோல.

அன்று பகலில், எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்திருந்தபோது, செண்பகவல்லி மேஜையில் தனியாக உட்கார்ந்து தன் அப்பாவின் பெயரை அடித்தாள். அடித்துவிட்டு விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன அப்பா வருவாரா, வாயோரம் வழிவதைத் துடைக்கச் சொல்லிக் கண்ணால் கேட்கிற அப்பா வருவாரா, எவர் வருவாரென்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல அவளுக்கு வழி தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

அப்போதுதான் ராஜாத்தி எதிர்வாசலில் நின்று கூப்பிட்டாள். "ஏ தாயி, ஒரே வீடுன்னாத்தான இடிக்கி? சின்னவ எங்கூட இருக்கட்டும். எங்க பின்கட்டு சும்மாதான கிடக்கு."

சின்ன இசக்கி தெருவைத் தாண்டி ராஜாத்தி வீட்டுக்குப் போனாள். பெரிய இசக்கி உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஆனால் கம்ப்யூட்டர், சின்ன இசக்கி இல்லை என்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிகிறாள், பாட்டுக்கூடக் கேட்கிறது, இல்லை என்கிறது. லூர்துமேரிதான் சொன்னாள், வழி சொல்லாவிட்டால் அது எப்படிப் போகும் என்று. செண்பகவல்லி வழியை எழுதினாள்: வாசலைத் தாண்டு, தெருவைக் கட, பச்சை கேட்டைத் திற, அடுப்படியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போ. அப்படியும் இல்லை என்றது. இரண்டு நாள் இல்லை என்றது. கண் எரிய எரிய, வாய்விட்டு அழுது, கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று எழுந்து, கிணறு இல்லாத வீடு என்பது ஞாபகம் வந்து உட்கார்ந்து, மறுபடியும் படித்தபோது பார்த்தாள், பச்சை என்ற சொல்லில் முதல் சனாவுக்கு மேல் புள்ளி விட்டுப்போயிருந்தது. புள்ளியை வைத்தாள்.

எல்லாம் ஓடியது. அது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது, ஆயத்தம் என்று. மாதங்கி போனில் கைதட்டினாள். செண்பகவல்லி சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தாள், சொல்லிக்கொள்ள இத்தனை பேர் இருக்கிறார்களே என்று.

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. கோமதிநாயகம் மேஜையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், அவர் முதுகைப் பார்த்து லூர்துமேரி, லூர்துவின் முதுகைப் பார்த்து அண்ணனும் தம்பியும், அவர்கள் முதுகைப் பார்த்துத் தேதிக்காரர், அவருக்குப் பின்னால் மைத்துனர். எல்லோர் கைகளும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன, கண்ணுக்குத் தெரியாத எதையோ ஒருவரிடமிருந்து வாங்கி மற்றவரிடம் கொடுப்பதுபோல. தீக்குச்சிகள் பாதி அடுக்கியபடி கிடந்தன.

"சாப்பிட வாங்க," என்றாள். யாரும் எழவில்லை. பரிமாறி வைத்த இலைகள் காய்ந்தன. அன்றைக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாட்களும் அப்படியேதான். சரியாக ஓடுகிற ஒன்றில் இருப்பவர்களுக்குப் பசியும் இல்லை, பேச்சும் இல்லை. எதிர்வீட்டிலும் பாட்டு நின்றுபோனது. ராஜாத்தி மூன்றாம் நாள் வந்து, "எம் மேல எதும் கோவமா அந்தப் பிள்ளைக்கு? சுவத்தைப் பாத்தே உக்காந்திருக்கா," என்று கேட்டாள். கோபமில்லை மதினி, வேலை நடக்கிறது என்று செண்பகவல்லி சொன்னாள்.

அவள் வேலையும் நடந்தது. நன்றாகவே நடந்தது. ஒன்பது வருஷம் போனது எங்கே என்று மாதங்கியே கேட்கும்படி எழுதினாள். தெருவும் இதற்குப் பழகிக்கொண்டது, எல்லாவற்றுக்கும் பழகுவதுபோல. தீக்குச்சிப் பெண்கள் தங்கள் சட்டங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். செண்பகவல்லி வீட்டுக்குள் வருகிறவர்கள் கோமதிநாயகத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், மழை நாளில் அவர் நாற்காலி முதுகில் ஈரத் துண்டு காயப் போட்டார்கள், துவைக்கிற கல்லின் பக்கத்தில் தூங்குகிறவர் மட்டும் முன்போலவே தூங்கினார். ஆள் இல்லாத வீட்டில் தனியாக இருப்பதை அவள் அறிவாள், அதற்கு ஒரு அளவு உண்டு. இத்தனை முதுகுகளுக்கு நடுவில் தனியாக இருப்பதற்கு அளவு தெரியவில்லை. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்போது தான் மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்டது.

மழைக்காலம் முடிகிற ஒரு சனிக்கிழமை காலை, வேலை ஒன்றும் பாக்கியில்லாத நேரம், அவள் அந்த வழியைத் திறந்து, பச்சை என்ற சொல்லிலிருந்து புள்ளியை எடுத்தாள்.

திரை சிவந்தது. கோமதிநாயகம் கழுத்தைத் திருப்பினார், உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலை நீட்டி மடக்கினார். "என்னம்மா ஆச்சு? எங்கயோ விட்டுப்போச்சே!" என்றார். லூர்துமேரி கொட்டாவி விட்டாள். அண்ணனும் தம்பியும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டார்கள். எதிர்வீட்டில் பாட்டுக் கேட்டது, ராஜாத்தி ஓடிவந்து தேக்சாவை இறக்கி வைத்தாள், பரமானந்தம் தூக்குச்சட்டி நிறைய டீ கொடுத்தனுப்பினார், அன்று முழுதும் அந்த வீட்டில் யார் பேசுவது யாருக்குக் கேட்கிறது என்று தெரியாத இரைச்சல். செண்பகவல்லி நடுவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புள்ளியைத் திரும்ப வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் எடுத்தாள். அதற்கடுத்ததும். பிறகு சனிக்கிழமை வரை பொறுக்க முடியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்தாள், வேலை ஒன்று பாதியில் நின்றது. வியாழக்கிழமையும் எடுத்தாள்.

"உங்க மெஷின் மட்டும் ஏன் இப்படிப் படுத்துது?" என்றாள் மாதங்கி. அவள் கெட்டவள் இல்லை, ஆபீஸில் செண்பகவல்லிக்காகச் சண்டை போட்டு ஒரு நல்ல முடிவோடுதான் கூப்பிட்டாள். "புதுசா ஒண்ணு அனுப்புறோம். எல்லாம் உள்ளேயே போட்டு மூடி வந்துரும், நீங்க எதையும் கொண்டுவர வேண்டாம். திறந்தா வேலை ஆரம்பிக்கலாம். பழையதைச் சுத்தமா அழிச்சிட்டுத் திருப்பி அனுப்பிருங்க."

"பழையதே இருக்கட்டுமே மாதங்கி."

"இனி நின்னுச்சுன்னா என்னால காப்பாத்த முடியாதுங்க," என்றாள் மாதங்கி, மெதுவாக.

செண்பகவல்லி புள்ளியை எடுத்துவிட்டு எல்லோரிடமும் சொன்னாள். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கோமதிநாயகம் குடையைத் தேடினார். அவள் லூர்துமேரியைத் தனியாக அடுப்படிக்கு அழைத்துப்போய், "நீங்க மட்டும் இருங்களேன். பக்கத்துல எங்கயாச்சும் ஒரு வீடு பாக்கேன், வழி எழுதாம விட்டுருதேன், அதுக்கு நீங்க இருக்கிறது தெரியாது," என்றாள். சொல்லும்போது அவள் குரல் இறங்கிப்போனது.

லூர்து அவள் கன்னத்தில் கை வைத்தாள். "எங்கயோ ஒரு பொண்ணு எம் பேரை அடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா தாயி. உன்னை மாதிரி கண்ணு எரிய. எனக்கு இப்பமே காது குறுகுறுங்குது."

அன்று மாலை ராஜாத்தி வந்தாள். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதும் உரக்கப் பேசுகிறவள் அன்றைக்குப் பேச்சுக்குச் சொல் தேடினாள்.

"அந்தப் பிள்ளையும் போயிருமா?"

"போயிரும் மதினி."

"அவளுக்குக் காது குறுகுறுக்கலையாம். கேட்டேன். பழைய ஆளு நானு, இப்பல்லாம் என்னை யாரும் கூப்பிட மாட்டாகன்னு சிரிக்கா. இருபது வயசுப் பிள்ளை சொல்லுத சொல்லா இது?" ராஜாத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கம்பெனியில கேட்டுட்டேன், பாக்கெட் போடுத வேலை இருக்காம். உனக்கும் ஒரு ஆளு வேணும்தான். நான் கேக்கது நியாயமில்லதான்."

செண்பகவல்லிக்குச் சட்டென்று ஒரு ஆத்திரம் வந்தது. என் கம்ப்யூட்டர், நான் அடித்த பெயர், என் கண் எரிந்தது, உனக்கு எதற்கு என்று கேட்க வாய் வந்தது. ராஜாத்தியின் விரல்களில் பாகு பட்டுப் பட்டுத் தழும்பேறியிருந்ததை அவள் பார்த்தாள். அந்த விரல்கள் நிலையை விடவே இல்லை.

"போய் அவளுக்குச் சாப்பாடு போடுங்க மதினி," என்றாள்.

மறுநாள் காலை அவள் கம்ப்யூட்டரை அழிக்கச் சொன்னபோது, வந்த வரிசைக்கு ஏறக்குறைய நேர்மாறாக அவர்கள் எழுந்தார்கள். மைத்துனர் போனார், தேதிக்காரர் போனார், தம்பி போனான், அண்ணன் போனான், யாருக்கும் தேவைப்படாதவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் போனார். பெரிய இசக்கியம்மாள் தெருவில் இறங்கி, எதிர்வீட்டு கேட்டுக்குப் பின்னால் நிற்கிற தன் இருபது வயதை நின்று பார்த்தாள். பிறகு செண்பகவல்லியிடம், "அவளை இப்பமே கண்ணாடி போடச் சொல்லு. பிந்திப் போட்டு நான் கண்ணைக் கெடுத்துக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டு நடந்தாள். லூர்துமேரி வயர்கூடையை எடுத்துக்கொண்டாள். கோமதிநாயகம் கடைசியாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவை அவரே மெல்லச் சாத்திவிட்டுப் போனார். தெருக்காரர்கள் டீக்கடை வரை கூடப் போய், ஷேர் ஆட்டோக்கள் கிளம்பியதும் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

கம்ப்யூட்டர் கேட்டது: வேறு யாராவது இருக்கிறார்களா?

செண்பகவல்லி இல்லை என்று அடித்தாள்.

புதிய கம்ப்யூட்டர் சொன்னபடியே இருந்தது. திறந்ததும் ஓடியது, எதையும் கேட்கவில்லை, ஒருநாளும் சிவக்கவில்லை. காலையில் உட்காருவாள், சாயங்காலம் எழுந்திருப்பாள். இடையில் மாதங்கி ஒருதரம் கூப்பிட்டு, எல்லாம் சரியாகப் போகிறதா என்று கேட்பாள், சரியாகப் போகிறது என்று சொல்வாள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை மடித்து வைக்க முடியாததால் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். எதிர்வீட்டில் விளக்கெரிவதையும், ராஜாத்தி உரக்கச் சிரிப்பதையும், கண்ணாடி போட்ட ஒரு பெண் தலைக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டு நிற்பதையும் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பிறகு ஜன்னலைச் சாத்துவாள். கோபத்தால் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்பதற்காக. யாராலும் கூப்பிடப்படாத இசக்கி மற்ற பெண்களைப்போல ஆகிவிட்டாள், காய்ச்சல் வந்தது, சம்பளம் வாங்கினாள், வந்த விதத்தை மறந்துபோனாள், தெருவும் அவளை ராஜாத்தி வீட்டுப் பிள்ளை என்று சொல்லப் பழகிவிட்டது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில், செண்பகவல்லி தரையில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தபோது, இசக்கி வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் சீரகம் இருக்கா? அத்தை ரசம் வைக்காக, சீரகம் இல்ல."

செண்பகவல்லி எழுந்து டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒருத்திக்குச் சமைக்கிற அடுப்படியில் எது எப்போது தீர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இல்லையே இசக்கி."

"சரி, கடையில பாத்துட்டு வாரேன்," என்றவள் போகவில்லை. படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்று, "நீங்களும் வாரீகளாக்கா? தனியா நடக்கச் சடவா இருக்கு," என்றாள்.

செண்பகவல்லி சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள். முக்குக் கடையில் சீரகம் இல்லை என்றார்கள். அடுத்த தெருவில் கடை அடைத்திருந்தது. அதற்கடுத்த கடையில் சோம்பு இருக்கிறது, சீரகம் நாளைக்குத்தான் வரும் என்றார்கள். நல்ல வெயில். இசக்கி கம்பெனியில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டு வந்தாள், செண்பகவல்லி நடுவில் நிறுத்தி, பிறகு அவ என்ன சொன்னா என்று கேட்டாள். அவர்கள் ரயில்வே பாலத்தைத் தாண்டி பஜார் வரைக்கும் நடந்தே போனார்கள்.